தமிழரிடம் பழகும் முறை

பதுருன்னிசா பினாங்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பதினோரு வருடம் சமையல் வேலை பார்த்தவள். மகள் ரிஃபானாவின் பிரசவத்துக்காக ராயபுரம் கல்மண்டபத்துக்கு வந்து மூன்று மாதம் இருந்தாள். பேரனுக்கு நாற்பது நாள் கழிந்ததும் பெட்டியைக் கட்டினாள். அப்போதுதான் டிக்கெட் எடுத்துக் கொடுக்கிறவர், தென்கிழக்காசிய நாடுகளுக்கு வேலைக்குப் போகிற யாரும் இனிமேல் ஆயத்தச் சான்றிதழ் இல்லாமல் விமானம் ஏற முடியாது என்று சொன்னார். அவளுடைய வேலை அனுமதி அந்த மாதம் இருபத்தைந்தாம் தேதியோடு காலாவதியாகிறது. அன்றைக்குத் தேதி பதினான்கு.

சான்றிதழ் கொடுக்கும் இடத்துக்கு அயல்நாடு புறப்படுவோர் ஆயத்தக் கழகம் என்று பெயர். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில், மூடிப்போன ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் அது இயங்கியது. அரசாங்கமா தனியாரா என்று அங்கே வேலை செய்தவர்களுக்கே தெரியவில்லை. முத்திரையில் ஒரு மிருகம் இருந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் சிங்கம். கிட்டே போனால் அதற்கு வேறு உத்தேசம் இருந்திருக்க வேண்டும் என்று தோன்றும். கீழே கன்டெய்னர் லாரி போகும்போதெல்லாம் மேலே நாற்காலிகள் தாமாக இரண்டு விரற்கடை நகர்ந்துகொள்ளும்.

முகப்பில் இருந்த எழுத்தர் அவளுடைய பாஸ்போர்ட்டைப் புரட்டினார். பதினோரு வருட முத்திரைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, இதற்கு முன்பு வெளிநாடு போன அனுபவம் உண்டா என்று கேட்டார்.

"அங்கதான் சார் கீறேன் பதினோரு வருசமா."

போனதற்குத்தான் முத்திரை இருக்கிறது, ஆயத்தமானதற்கு இல்லை என்று எழுத்தர் விளக்கினார். ஆயத்தம் இல்லாமலே அவள் பதினோரு வருடம் அங்கே இருந்தது உண்மையில் ஒரு விதிமீறல் என்றும், கழகம் பெருந்தன்மையோடு அதைக் கண்டுகொள்ளவில்லை என்றும் சொன்னார். ஆறு நாள் பயிற்சி, ஆறாம் நாள் தேர்வு. பாஸ்போர்ட்டைப் பாதுகாப்புக்காக இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு அவளிடம் ஒரு டோக்கன் கொடுத்தார்கள். எண் இருபத்து மூன்று.

முதல் நாள் குத்துவிளக்கு ஏற்றினார்கள். மின்விசிறி அதை நான்கு முறை அணைத்தது. ஐந்தாம் முறை மின்விசிறியை நிறுத்திவிட்டு ஏற்றினார்கள். அதன்பிறகு மின்விசிறியைப் போட யாருக்கும் துணிவில்லை. முப்பத்திரண்டு பேரும் வியர்வையில் நனைந்துகொண்டு உட்கார்ந்திருக்க, கழக இயக்குநர் முனைவர் சண்முகவேல் தொடக்க உரை ஆற்றினார்.

"உங்களில் சிலர் கேட்கலாம், இயக்குநர் எத்தனை நாடுகளுக்குப் போயிருக்கிறார் என்று. பெருமையோடு சொல்கிறேன். நான் ஒரு நாட்டுக்கும் போனதில்லை. போனால் அந்த நாட்டைப் பற்றி ஒரு கருத்து வந்துவிடும். கருத்து வந்துவிட்டால் நடுநிலை போய்விடும். இந்தக் கழகத்தில் யாருக்கும் எந்த நாட்டைப் பற்றியும் கருத்து இல்லை."

கைதட்டல் முடிந்ததும் ஆளுக்கொரு வழிகாட்டி நூல் கொடுத்தார்கள். முந்நூற்று நாற்பது பக்கம். குளிர்நாட்டுக் கம்பெனி அதிகாரி ஒருவர், தம்மைப் போன்ற அதிகாரிகள் குடும்பத்தோடு குடிபெயரும்போது படிப்பதற்காக எழுதியதை அப்படியே தமிழாக்கி இருந்தார்கள். வளர்ப்பு நாயை விமானத்தில் கொண்டுபோவது, பிள்ளைகளுக்குச் சர்வதேசப் பள்ளி தேர்ந்தெடுப்பது, வீட்டு வேலைக்காரரிடம் எவ்வளவு கண்டிப்பு எவ்வளவு கனிவு என்பது, எல்லாம் அதில் இருந்தது. தோட்ட வேலைக்குப் போகவிருந்த ஒருவர், தோட்டக்காரனிடம் அதிகம் பேச்சுக் கொடுக்கக் கூடாது என்பதைக் கருத்தாகக் குறித்துக்கொண்டார். வீட்டு வேலைக்குப் போகிற இரண்டு பெண்கள், பணிப்பெண்ணின் கண்ணில் படாமல் நகையை எங்கே ஒளித்து வைப்பது என்ற பகுதியை மனப்பாடம் செய்தார்கள்.

இரண்டாம் நாள் வெப்பத்துக்குப் பழகும் செய்முறை. அந்த நாடுகளில் வெயில் முப்பத்து மூன்று டிகிரி வரை ஏறும், உடலைத் தயார்ப்படுத்த வேண்டும் என்று சொல்லி எல்லோரையும் பகல் பன்னிரண்டு மணிக்கு மொட்டை மாடியில் நிறுத்தினார்கள். திருவொற்றியூரில் அன்றைக்கு முப்பத்தொன்பது. எண்ணூர்ப் பக்கமிருந்து காற்றில் வந்த அனல்மின் நிலையச் சாம்பல் தோளிலும் தலையிலும் படிந்தது. ஒரு மணி நேரம் கழித்துப் பயிற்றுநர் தேவகிருபை மேடம் குடையோடு மேலே வந்து, முப்பத்து மூன்று டிகிரி எப்படி இருக்கும் என்று இப்போது ஓரளவு புரிந்திருக்கும் என்றார். பிறகு, டுரியான் என்ற பழத்தின் நாற்றத்துக்கு மூக்கைப் பழக்கும் பாடம். கழகத்திடம் டுரியான் இல்லாததால், ஆலைப் புகை வரும் மேற்குப் பக்கத்து ஜன்னலைத் திறந்துவிட்டார்.

மூன்றாம் நாள் ஒன்பதாம் அத்தியாயம். அதன் தலைப்பு, தமிழரிடம் பழகும் முறை.

தேவகிருபை மேடம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இருபது வருடமாகத் தண்டையார்பேட்டையில் இருப்பவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நூலைப் பார்த்து வாசித்தார். "இந்நாடுகளில் தமிழர் என்றோர் இனத்தவர் பரவலாகக் காணப்படுகின்றனர். இவர்கள் உரக்கப் பேசுவார்கள். பயப்பட வேண்டாம், அது சண்டை அல்ல. உணவைக் கையால் எடுத்து உண்பார்கள். அப்போது முகம் சுளிக்காமல் வேறு பக்கம் பார்ப்பது நாகரிகம்."

அப்படியானால் நாமெல்லாம் யார் என்று பின் வரிசையில் ஒரு வெல்டர் கேட்டார். வகுப்பு நேரத்தில் நீங்கள் புறப்படுவோர், மற்றதை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்று மேடம் சொன்னார்.

அடுத்தது நடித்துக் காட்டுதல். பதுருன்னிசா புதிதாக வந்திறங்கிய அயல்நாட்டுக்காரர். அவள் சந்திக்கிற தமிழராக நடிக்க நெட்டுக்குப்பத்துச் சில்வியாவைக் கூப்பிட்டார்கள். சில்வியாவுக்கு முப்பத்தோரு வயது. வகுப்பில் எல்லாக் கேள்விக்கும் முதலில் கை தூக்குகிறவள். அவள் சொல்லிக் கொடுத்தபடி கைகூப்பி, வணக்கம் என்றாள். பதுருன்னிசா மூன்றடி தள்ளி நின்று மெலிதாகத் தலையசைக்க வேண்டும். ஆனால் அவள் வாயில் வந்தது வேறு.

"இன்னா சில்வியா, மூஞ்சி வாடிக் கீது. காலீல நாஸ்தா துன்னியா இல்லியா?"

உள்ளூர் மக்களிடம் அளவுக்கு மீறிய நெருக்கம் காட்டியதற்காகப் பதுருன்னிசாவுக்கு ஐந்துக்குப் பூஜ்யம். சில்வியாவுக்கு நான்கு. தமிழருக்குரிய உச்சரிப்பு இயல்பாக இல்லை என்று ஒரு மதிப்பெண் குறைத்திருந்தார்கள்.

அந்த மதிப்பெண் பறிபோனதைப் பேசிச் சிரித்துத்தான் இருவரும் மதியம் மாடிப்படியில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சில்வியா தன் கதையைச் சொன்னாள். முகத்துவாரத்தில் ஆலை எண்ணெய் கலந்து மீனெல்லாம் அந்த நாற்றம் அடிக்கத் தொடங்கியதிலிருந்து அப்பாவின் படகு கரையில் கிடக்கிறது. அவள் ஒரு ஆஸ்பத்திரியில் பில் போடும் வேலையில் இருந்தாள், ஆள் குறைத்தபோது அதுவும் போயிற்று. இப்போது தாய்லாந்தில் வேலை கிடைத்திருக்கிறது. கம்ப்யூட்டரில் வாடிக்கையாளர்களுக்குப் பதில் போட வேண்டும், டைப்பிங் தெரிந்தால் போதும்.

யார் முதலாளி, என்ன ஊர் என்று பதுருன்னிசா விசாரித்தாள். தெரியாது. நேர்காணல் ஃபோனில் ஐந்து நிமிடம். விசா சுற்றுலா விசா, போன பிறகு மாற்றித் தருவார்களாம். பாஸ்போர்ட்டைக் கழகமே ஏஜென்ட் ஜெனிஷ் சாரிடம் கொடுத்துவிடும், அவர்தான் விமான நிலையத்துக்கு அழைத்துப் போவார். வகுப்பில் இருக்கிற முப்பத்திரண்டு பேரில் பதினாலு பேர் இதே வேலைக்கு, இதே ஜெனிஷ் மூலமாகப் போகிறார்கள்.

பதுருன்னிசா சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டாள். அவளுடைய கடையில் இரண்டு வருடமாகத் தட்டு கழுவுகிற ஒருவனைப் பற்றிச் சொன்னாள். குண்டூர்க்காரன், பி.காம் படித்தவன். டைப்பிங் வேலை என்றுதான் அவனையும் வரவழைத்தார்கள். தாய்லாந்தில் இறங்கியதும் காரில் ஏற்றி ஆறு மணி நேரம் கொண்டுபோய், ஒரு ஆற்றைத் தாண்டி, சுற்றிலும் மதிலும் காவலும் போட்ட இடத்தில் அடைத்தார்கள். ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம், பெண்பிள்ளை மாதிரி யார் யாருக்கோ காதல் செய்தி அனுப்பி அவர்களை ஏமாற்ற வேண்டும். சொன்ன எண்ணிக்கை வராத நாளில் அடி. வெளியே வர ஏழு மாதம் ஆனது. அவன் வலது கையில் மூன்று விரல் மடங்காது. தட்டை இடது கையால்தான் கழுவுவான்.

சில்வியா நம்பவில்லை. ஜெனிஷ் சார் அப்படிப்பட்டவர் இல்லை, எவ்வளவு மரியாதையாகப் பேசுவார் தெரியுமா என்றாள். ஆனால் அதற்குப் பிறகு அவளும் சாப்பிடவில்லை.

நான்காம் நாள் புரவலர் நாள். கழகத்தை வாழவைக்கும் பெருமக்களைப் பாராட்டுகிற நாள் அது. அந்தப் பெருமக்கள் ஜெனிஷ் ஒருவர்தான். வெள்ளைச் சட்டை, இரண்டு ஃபோன், எதிரில் நிற்பவர் தோளில் கை வைத்துப் பேசும் பழக்கம். சண்முகவேல் அவருக்குப் பொன்னாடை போர்த்திவிட்டு, போர்த்தியது படத்தில் சரியாக விழவில்லை என்று எடுத்து மறுபடியும் போர்த்தினார்.

ஜெனிஷ் சுருக்கமாகப் பேசினார். "இதுவரைக்கும் முந்நூறு பேரை அனுப்பி வச்சிருக்கோம். ஒருத்தர், ஒரே ஒருத்தர்கூடத் திரும்பி வந்து எங்ககிட்ட ஒரு குறை சொன்னதில்ல. ஃபோன் பண்ணிக்கூடச் சொன்னதில்ல. இதைவிட என்ன சான்று வேணும்?"

கைதட்டல் ஓயும்வரை காத்திருந்து பதுருன்னிசா எழுந்தாள். "குறைய வுடு நைனா. திரும்பி வந்தவங்க எத்தினி பேரு?"

அவர்களுக்கு அங்கே பிடித்துப்போய்விட்டது என்று ஜெனிஷ் சிரித்தார். பதுருன்னிசா உட்காரவில்லை. குண்டூர்க்காரனின் கதையை மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். சொல்லி முடித்ததும், இதைப் பற்றி இந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேட்டாள்.

தேவகிருபை மேடம் புரட்டிப் பார்த்தார். கிடைத்தது. "பக்கம் இருநூற்றுப் பதினேழு, பண்பாட்டு அதிர்ச்சி. தன்னை அடைத்து வைத்திருக்கிறார்கள், தன்னை யாரோ கண்காணிக்கிறார்கள் என்று தோன்றுவது இதன் இரண்டாம் கட்டம். மூன்றாம் கட்டத்தில் பழகிவிடும்."

"அடிக்கிறது மேடம்?"

மேடம் இயக்குநரைப் பார்த்தார். சண்முகவேல் ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டார். "ஓர் அடிப்படையைப் புரிந்துகொள்ள வேண்டும் அம்மா. நம் கழகத்தின் பெயரிலேயே புறப்படுவோர் என்று இருக்கிறது. புறப்படும்வரை உங்கள் ஒவ்வொரு அசைவுக்கும் நாங்கள் பொறுப்பு. புறப்பட்ட பிறகு நேர்வது உங்கள் சொந்த அனுபவம். அடுத்தவர் அனுபவத்தில் தலையிடும் அநாகரிகத்தை இந்தக் கழகம் ஒருபோதும் செய்யாது." ஜெனிஷ்தான் முதலில் கைதட்டினார்.

பதுருன்னிசா வெளியே போய்க் குழாயடியில் வாயைக் கொப்பளித்தாள். இரண்டு முறை, மூன்று முறை. பின்னாலேயே வந்த சில்வியா, உடம்புக்கு என்ன என்று கேட்டாள். ஒடம்புக்கு ஒண்ணுமில்ல, உள்ள ரொம்பக் கலீஜா கீது, அவ்ளோதான் என்றாள் பதுருன்னிசா.

குழாய்க்கு எதிர்ச் சுவரில்தான் கழகத்தின் விதிகளை ஒட்டியிருந்தார்கள். வெயிலில் பாதி வெளுத்திருந்தது. யாரும் படிப்பதில்லை. சில்வியா படித்தாள், அவள் எதையும் படிக்கிறவள். பதினேழாம் விதியில் நின்றாள். தேர்ச்சி பெற்றவரின் பாஸ்போர்ட் அவருடைய புரவலரிடம் ஒப்படைக்கப்படும். தோல்வியுற்றவர் பயணத்துக்குத் தகுதியற்றவர் என்பதால் பாஸ்போர்ட் அவர் கையிலேயே திருப்பித் தரப்படும். அவர் அடுத்து வரும் எந்த அணியிலும் கட்டணமின்றிச் சேரலாம், அவரைச் சேர்க்க மறுக்கக் கூடாது.

சில்வியா அதை இரண்டு தடவை வாய்விட்டு வாசித்தாள்.

ஐந்தாம் நாள் மதியம் மாடிப்படியில் பதினாலு பேரும் வந்து உட்கார்ந்தார்கள். பதுருன்னிசா நீளமாகப் பேசவில்லை. பாஸ்போர்ட்டை எவனிடமும் கொடுக்காதே. சுற்றுலா விசாவில் வேலைக்குப் போகாதே. முதலாளி பெயரும் ஊர்ப் பெயரும் எழுத்தில் வராமல் வீட்டை விட்டு இறங்காதே. இதுதான் அவளுக்குத் தெரிந்த ஆயத்தம். கடைசியாக, நாளைக்குப் பரீட்சையில் எல்லோரும் ஃபெயிலாகிவிடுங்கள் என்றாள்.

சிலர் சிரித்தார்கள். எண்ணூரில் கிரேன் மெக்கானிக்காக இருந்த குமாரவேல் என்பவர் சிரிக்கவில்லை. பத்தாம் வகுப்பில் மூன்று தடவை தோற்றவர் அவர். "நான் என் வாழ்க்கைல பாஸாவப் போறதே இப்பதான்க்கா. பூவம்மாகிட்ட சர்ட்டிபிகேட்டக் காட்றேன்னு சொல்லிட்டு வந்துகீறேன்" என்று சொல்லிவிட்டு டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு எழுந்து போனார். பூவம்மா அவருடைய மனைவி. அவர் பின்னால் இன்னும் ஏழெட்டுப் பேர் போனார்கள்.

சில்வியா மட்டும் பதுருன்னிசாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்க ஃபெயிலாவீங்களாக்கா?"

பதுருன்னிசா இதை எதிர்பார்க்கவில்லை. அவளுக்கு உண்மையான வேலை, உண்மையான விசா, பதினோரு வருடமாகத் தெரிந்த முதலாளி. அவள் எதற்குத் தோற்க வேண்டும்? இருபத்தைந்தாம் தேதி தாண்டினால் அனுமதி போய்விடும். திரும்ப விண்ணப்பித்து வாங்க எத்தனை மாதமோ. படியில் மிச்சமிருந்த ஐந்து பேரும் அவள் பதிலுக்காகக் காத்திருந்தார்கள். இவள் மட்டும் பாஸாகி விமானம் ஏறப்போகிறாள் என்றால் இந்தப் பேச்சை அவர்கள் எதற்காகக் கேட்க வேண்டும் என்று அவளுக்கே தோன்றியது.

"ஆவறேன், போ."

தேர்வில் ஐம்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள், சரியானதில் டிக் போட வேண்டும். தோற்பது சுலபமாக இல்லை. எழுத்தர் வரிசை வரிசையாக வந்து சரியான விடையின் மேல் விரலை வைத்துவிட்டுப் போனார். தமிழர் உணவு உண்ணப் பயன்படுத்துவது முள்கரண்டியா, குச்சியா, வலக்கையா, எதுவுமில்லையா என்ற கேள்வியில் சில்வியாவின் பேனா வலக்கையின் பக்கமே போயிற்று. பள்ளிக்கூடத்தில் ஒரு சிவப்புக் கோடுகூட வாங்காதவள். கண்ணை மூடிக்கொண்டு முள்கரண்டியில் டிக் போட்டாள். பதுருன்னிசா விடைத்தாளைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் குண்டூர்க்காரனின் பெயரை எழுதி வைத்தாள்.

ஆறு பேர் தோற்றார்கள். கழக வரலாற்றில் முதல் தோல்விகள். அவர்களை மேடையில் வரிசையாக நிற்கவைத்து, சண்முகவேல் தழுதழுத்த குரலில் ஓர் இரங்கலுரை நிகழ்த்தினார். இவர்களைக் கழகம் சபிக்கவில்லை என்றார். பிறகு ஒவ்வொருவர் கையிலும் பாஸ்போர்ட்டைக் கொடுத்து, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். சில்வியா பாஸ்போர்ட்டை வாங்கி ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு அழுதாள். தோற்றதற்காக அழுகிறாள் என்று தேவகிருபை மேடம் தண்ணீர் கொடுத்தார்.

குமாரவேல் எண்பத்தாறு விழுக்காடு. அவருக்குச் சட்டம் போட்ட சான்றிதழ். பூவம்மா முன் வரிசையில் உட்கார்ந்து ஃபோனில் படம் எடுத்தாள். அவருடைய பாஸ்போர்ட்டும் மற்ற எட்டுப் பேருடையதும் பீரோவிலிருந்து வெளியே வந்து, அங்கேயே, எல்லோர் கண் முன்னால், ஜெனிஷின் தோள்பைக்குள் போயிற்று.

பதுருன்னிசாவின் அனுமதி இருபத்தைந்தாம் தேதி காலாவதியானது. முதலாளி ஃபோனில் திட்டித் தீர்த்துவிட்டு, மறுபடி விண்ணப்பிக்கிறேன், வரும்வரை இரு என்றார். சான்றிதழும் எப்படியும் வேண்டும். அவள் இரண்டாம் அணியில் சேர்ந்தாள். விதிப்படி மறுக்க முடியாமல் சேர்த்துக்கொண்டார்கள்.

இரண்டாம் அணியின் மூன்றாம் நாள் பூவம்மா வந்தாள். ஒன்பதாம் அத்தியாயம் நடந்துகொண்டிருந்தது. குமாரவேல் யாருடைய ஃபோனிலிருந்தோ இரண்டு நிமிடம் பேசியிருக்கிறார். டைப்பிங் இல்லை, பொம்பளை மாதிரி கிழவர்களிடம் பேசச் சொல்கிறார்கள், விரல் சரியாக ஓடாததால் நிற்கவைத்து அடிக்கிறார்கள் என்று சொல்லும்போதே இணைப்பு போயிற்று. மறுபடி அந்த எண் கிடைக்கவில்லை. ஜெனிஷ் ஆபீஸ் பூட்டியிருந்தது.

சண்முகவேல் அவளை உட்காரவைத்து மோர் வரவழைத்தார். புறப்பட்டோரின் குடும்பத்தார் கவலையை வெல்வதற்குக் கழகத்தில் ஒரு தனிப் பயிற்சி உண்டு, இரண்டு நாள்தான் என்றார்.

பூவம்மா மோரைத் தொடவில்லை. "அவரு பேசுறப்ப பின்னால யாரோ கத்திகினு இருந்தாங்க சார். அதுக்கு எத்தினி நாள் பயிற்சி?"

அதற்குப் பாடத்திட்டத்தில் இடமில்லை என்பதை இயக்குநர் வருத்தத்தோடு தெரிவித்தார். பதுருன்னிசா வகுப்பிலிருந்து எழுந்து வந்து பூவம்மாவின் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போனாள். சில்வியாவை ஃபோனில் அழைத்தாள். மூன்று பேரும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்கள். புகாரைச் சில்வியாதான் எழுதினாள். ஒன்பது பேரின் பெயர், ஊர், விமானம் ஏறிய தேதி, குமாரவேல் பேசிய எண், ஒன்றும் விடாமல் நான்கு பக்கம். தூதரகத்துக்கும் ஒரு பிரதி அனுப்பினாள். விசாரிக்கிறோம் என்று சொன்னார்கள். மறுநாளே, புரவலர் நாளில், ஜெனிஷ் வேறொரு கம்பெனிப் பெயரில் கழகத்துக்கு வந்தார். அந்தப் பெயருக்கும் சண்முகவேல் பொன்னாடை போர்த்தினார்.

இரண்டாம் அணியில் பதுருன்னிசா மறுபடியும் தோற்றாள், அவளோடு ஜெனிஷின் ஆட்கள் பதினொரு பேர். ஜெனிஷின் பயணிகள் மொத்தமே பதினைந்து பேர்தான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பதுருன்னிசா படியில் உட்காருவாள், சில்வியா நெட்டுக்குப்பத்திலிருந்து பஸ் பிடித்து வந்து அவள் பக்கத்தில் உட்காருவாள், பூவம்மா எதிரில் நின்று கணவரின் சான்றிதழைக் காட்டுவாள். பேச்சு அதிகம் தேவைப்படவில்லை.

கழகம் கலங்கியது. தோல்வி ஆய்வுக் குழு அமைத்தார்கள். குழு கூடி, கேள்விகள் கடினம் என்று கண்டறிந்தது. தேர்ச்சிக்கு நாற்பது எடுக்க வேண்டியதைப் பத்தாக்கினார்கள். மூன்றாம் அணியில் ஜெனிஷின் ஆட்கள் பதினெட்டுப் பேரில் பதினாறு பேர் பத்துக்குக் கீழே எடுத்தார்கள். மறுதேர்வு வைத்து, ஒன்று எடுத்தால் தேர்ச்சி என்றார்கள். பதினாறு பேரும் விடைத்தாளில் பெயர்கூட எழுதாமல் வெற்றுத் தாளாகக் கொடுத்தார்கள். பெயரில்லாத தாள்களை யார் யாருடையது என்று தேவகிருபை மேடம் கையெழுத்தை வைத்துக் கண்டுபிடிக்க முயன்றார். வெற்றுத் தாளில் கையெழுத்து இருக்காது என்பது மாலை ஆறு மணிக்கு அவருக்குத் தெரிந்தது. சண்முகவேல் மேடையில் நின்று பதினாறு இரங்கலுரை நிகழ்த்தினார். ஜெனிஷ் பாதியிலேயே எழுந்து போய்விட்டார். அவருடைய தோள்பையில் இரண்டே பாஸ்போர்ட் இருந்தது. அந்த இரண்டையும் திருப்பி வாங்க அவற்றின் சொந்தக்காரர்கள் வாசலில் அவரை வழிமறித்துக்கொண்டு நின்றார்கள்.

நோய் எங்கிருந்து வருகிறது என்று குழுவுக்கு அதன்பிறகு விளங்கியது. பதுருன்னிசாவை வெளியேற்ற முடியாது, பதினேழாம் விதி. தோற்றுக்கொண்டிருக்கும்வரை அவள் வந்துகொண்டே இருப்பாள். ஆகவே அவளைத் தேர்ச்சியடையச் செய்வதென்று ஒருமனதாகத் தீர்மானித்தார்கள்.

நான்காம் அணி தொடங்கும் காலையில் சண்முகவேல் படியிறங்கிச் சாலைக்கே வந்து அவளை வரவேற்றார். கையில் சட்டம் போட்ட சான்றிதழ், சிறப்புத் தகுதி என்று பொன்னிறத்தில் எழுதியது. பாஸ்போர்ட்டை இனிப் பீரோவில் வைக்க வேண்டியதில்லை, கையிலேயே இருக்கட்டும் என்றார். தேர்வெழுதாமல் தேர்ச்சி பெறும் முதல் ஆள் அவள் என்றும், அவளைப் போன்ற முழு ஆயத்தமான ஒருவரை இனி ஒரு நாள்கூடத் தாமதிக்க வைப்பது அந்த நாட்டுக்கே செய்யும் துரோகம் என்றும் சொன்னார். ஆட்டோவும் தயாராக நின்றது.

பினாங்கிலிருந்து புதிய அனுமதி வந்து நான்கு நாளாகியிருந்தது. பதுருன்னிசா சான்றிதழை வாங்கிப் பாஸ்போர்ட்டோடு பையில் வைத்தாள். பூவம்மாவின் புருஷன் எப்போது வருவார் என்று அவரிடம் கேட்டாள். சண்முகவேல் வானத்தைப் பார்த்தார். மழை வரும்போலிருக்கிறது, சீக்கிரம் கிளம்புங்கள் என்றார். அவள் அவர் கால் பக்கத்தில், யார் மேலும் படாமல், தரையில் காறித் துப்பிவிட்டு ஆட்டோவில் ஏறினாள்.

ஆட்டோ கண்ணில் மறையும்வரை கையசைத்துவிட்டு, மூன்று மாதத்தில் முதல் முறையாக நிம்மதியாக மூச்சுவிட்டு, சண்முகவேல் மாடிக்கு ஏறினார். முகப்பில் எழுத்தர் நான்காம் அணிக்கான பதிவேட்டைத் திறந்து வைத்திருந்தார். அவர் எதிரில் சில்வியா நின்றுகொண்டிருந்தாள், முதல் அணியில் தோற்றதற்கான சீட்டோடும் பாஸ்போர்ட்டோடும். அவளுக்குப் பின்னால், முதல் மூன்று அணிகளில் தோற்றவர்கள் முப்பத்தோரு பேர் படிவரை வரிசையாக நின்றார்கள். வரிசைக்குப் பக்கத்தில், சுவரோரம், பூவம்மா.

எந்த நாட்டுக்குப் போவதாக உத்தேசம் என்று எழுத்தர் கேட்டார்.

"அத்த அப்பால சொல்றேன் சார்" என்றாள் சில்வியா. "புதுசா வந்தவங்கள மத்தியானம் சாப்ட எத்தினி மணிக்கு வுடுவீங்க?"